மவுஸால் தொடும் காக்பிட்டா, முள்ளைப் பார்த்துப் பறக்கும் காக்பிட்டா?

"நிஜமான காக்பிட் (விமானி அறை) வேண்டும், கணினியில் போர்விமானம் ஓட்ட எந்த சிமுலேட்டரை எடுக்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு அளவுகோலோடுதான் வருகிறார்கள். ஸ்விட்சை மவுஸால் அழுத்த முடியுமா? முடிந்தால் நிஜம், முடியாவிட்டால் வெறும் விளையாட்டு. இந்தக் கணக்கை நம்பி 80 டாலர் கொடுத்து ஒரு ஜெட் விமானத்தை வாங்கி, இரண்டு முறை இன்ஜினைக் கிளப்பிப் பார்த்துவிட்டு மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். இன்னொரு பக்கம், ஒரு ஸ்விட்சைக்கூடத் தொட முடியாத ஐஎல்-2 என்ற இரண்டாம் உலகப் போர் சிமுலேட்டரின் காக்பிட்டில் எண்ணெய் வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் மணிக்கணக்காகப் பறக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: ஒரு கருவி நிஜமானதா என்பதை, அதன் முள் நகரும்போது பறப்பவரின் முடிவு மாறுகிறதா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். கிளிக் செய்ய முடிவது அதற்கு அடுத்த கேள்வி. இந்த நோக்கில் நான்கு சிமுலேட்டர்களை விரிவாகவும் இரண்டைச் சுருக்கமாகவும் ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முள் பிழைபடுகிறதா? நிஜக் கருவிகள் தப்பாகக் காட்டும், அதுவும் ஓர் ஒழுங்கோடு தப்பாகக் காட்டும். வேகமானி அளப்பது எதிர்க்காற்றின் அழுத்தத்தை. 6,000 மீட்டர் உயரத்தில் அது மணிக்கு 400 கிலோமீட்டர் என்று காட்டும்போது விமானம் உண்மையில் 540-ஐ ஒட்டிய வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கைரோ திசைமானி மெல்ல மெல்ல விலகும். கால் மணி நேரத்துக்கு ஒரு முறையாவது காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்தக் காந்தத் திசைகாட்டியோ விமானம் திரும்பும்போதும் வேகம் மாறும்போதும் அலைபாயும். நேராக, சீரான வேகத்தில் பறக்கும்போது மட்டுமே அதை நம்பலாம். தலைகீழாகப் புரண்டு சண்டையிட்டு மீண்டபின் விமானத்தின் சாய்வைக் காட்டும் 1940-களின் செயற்கைத் தொடுவானக் கருவி நிலைகுலைந்து கிடக்கும். எல்லா நேரமும் எல்லாவற்றையும் சரியாகவே காட்டுகிற காக்பிட் பார்க்க அழகாக இருக்கலாம், நிஜத்துக்குத் தூரம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? வெப்பமானி சிவப்புக்கோட்டைத் தாண்டினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த மானி ஒரு படம். அவ்வளவுதான்.

கை எங்கே போகிறது? இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சியில் கண்ணைக் கட்டிவிட்டு, காக்பிட்டின் ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். சண்டையில் விமானியின் பார்வை வெளியே இருக்க வேண்டும், கை தானாகச் சரியான இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. மவுஸ் இதற்கு நேர்மாறானது. இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் நெம்புகோலைக் கிளிக் செய்ய நீங்கள் தலையைக் குனிந்து, பெரிதாக்கி, சுட்டியை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்த மூன்று விநாடியில் எதிரி பின்னால் வந்துவிடுவான். அதே வேலையை த்ராட்டிலில் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) உள்ள ஒரு பொத்தானுக்குக் கொடுத்தால், அதுதான் நிஜ விமானியின் கை அனுபவத்துக்குப் பக்கத்தில் வருகிறது. தரையில் நின்றபடி இன்ஜினைக் கிளப்பும்போது மட்டும் மவுஸ் அருமையான துணை.

படிக்க முடிகிறதா? நிஜ விமானியின் கண்ணுக்கு எளிதாகத் தெரிகிற மானி, 24 அங்குலத் திரையில் நகக்கண் அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி ஏமாற்று வேலை இல்லை. திரையின் குறையை ஈடுகட்டும் வழி அது.

சரிபார்க்க முடியுமா? ஸ்பிட்ஃபயர், முஸ்டாங் போன்ற இரண்டாம் உலகப் போர் விமானங்களின் விமானிக் கையேடுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. பறக்கும் நிலையிலுள்ள விமானங்கள் இன்றும் இருக்கின்றன. நவீன ஜெட்டின் ரேடார் திரைக்கும் மின்னணுப் போர்க் கருவிகளுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ரகசியமாகக் காக்கப்படும் பகுதிகளை உருவாக்குநர்கள் ஊகத்தால்தான் நிரப்ப முடியும். திரையின் பக்க அமைப்பும் பொத்தான் வரிசையும் துல்லியமாக இருக்கும், அந்தத் திரை காட்டுகிற கண்டுபிடிப்புத் தூரம் ஒரு மதிப்பீடாக இருக்கும். நிஜத்தைத் தேடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கடைசியாகக் காசும் காலமும். இவற்றில் காலம்தான் பெரிய செலவு.

## டிசிஎஸ் வேர்ல்டு

ஈகிள் டைனமிக்ஸின் இந்த சிமுலேட்டருக்கு அடிப்படைத் தொகுப்பு இலவசம். அதோடு இரண்டு விமானங்கள் வருகின்றன. ஒன்று ஆயுதமில்லாத முஸ்டாங்கான டிஎஃப்-51டி. மற்றொன்று சு-25டி என்ற தரைத்தாக்கு ஜெட். முன்னதன் காக்பிட்டில் ஒவ்வொரு குமிழையும் திருகலாம். பின்னதில் எதையும் தொட முடியாது, எல்லாம் விசைப்பலகைதான். இந்தக் கட்டுரையின் கேள்விக்கே இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது, அதுவும் பைசா செலவில்லாமல். இரண்டிலும் சில மாலைகள் பறந்து பாருங்கள். எது உங்களைத் திரும்பத் திரும்ப இழுக்கிறதோ அது உங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

டிசிஎஸ்-இன் உண்மையான பலம் கருவிக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு. ஆயுதமுள்ள முஸ்டாங்கான பி-51டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்ட் அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்) புறப்படும்போது 61 அங்குலம், நெருக்கடியில் 67 அங்குலம், அதுவும் 5 நிமிடத்துக்கு மட்டும். குறைந்த வேகத்தில், முழு சக்தியில் மூக்கை உயர்த்தி ஏறிக்கொண்டே இருந்தால் ரேடியேட்டருக்குள் போகும் காற்று போதாமல் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) வெப்பம் ஏறும். அதைப் பார்க்காமல் விட்டால் இன்ஜின் சில நிமிடங்களில் இறுகி நின்றுவிடும். கைரோவைப் பூட்டவும் விடுவிக்கவும் திருகுகுமிழ் உண்டு. சண்டை முடிந்து மேகத்துக்குள் நுழையும் முன் அதைச் சரிசெய்துகொள்ளாதவருக்கு மேகத்துக்குள் வழி தெரியாது. இங்கே முள் உங்களை ஆட்டிவைக்கிறது.

ஆனால் டிசிஎஸ்-இல் கருவி நிஜத்தின் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் 2014-இல் வந்த மிக்-21பிஸ்-ஐத்தான் காட்டுவேன். இந்திய விமானப்படையில் 1963 முதல் 2025 வரை பறந்த குடும்பம் என்பதால் நம்மில் பலருக்கு அதன்மேல் தனிப் பாசமும் உண்டு. அதன் எரிபொருள் மானி தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளப்பதே இல்லை. இன்ஜினுக்குள் எவ்வளவு போயிற்று என்று எண்ணிக் கழித்துக்கொண்டே வரும். புறப்படும் முன் எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்று விமானிதான் குமிழைத் திருகி அதற்குச் சொல்ல வேண்டும். தொட்டியில் குண்டு துளைத்து எரிபொருள் ஒழுகினால் மானிக்கு அது தெரியாது, தெம்பாக அதிக அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால்தான் உண்டு. முள்ளை எப்போது நம்ப வேண்டும், எப்போது சந்தேகிக்க வேண்டும் என்பதைக் கற்றுத்தர இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

அதே விமானத்தின் தொடுவானக் கருவி இன்னொரு பாடம். மேற்கத்திய விமானத்தில் விமானக் குறி அசையாது, தொடுவானக் கோடு சாயும். சோவியத் மரபில் சாய்வைக் காட்டுவது விமானக் குறிதான். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறினால் இருட்டில் இடம் எது வலம் எது என்று ஒரு கணம் தடுமாறுவார். இது வெறும் சிமுலேட்டர் நுணுக்கம் இல்லை. 2000 ஜனவரியில் சூரிச்சிலிருந்து புறப்பட்டதும் விழுந்த கிராஸ்ஏர் 498 விபத்தின் விசாரணையில், சோவியத் முறைக் கருவியில் பழகிய விமானித் தலைவரின் பயிற்சிப் பின்னணியும் ஆராயப்பட்டது. டிசிஎஸ்-இல் முஸ்டாங்கையும் மிக்கையும் மாறிமாறி ஓட்டினால் இந்த வேறுபாடு உடம்பில் உறைக்கும். காக்பிட் எழுத்துகள் ரஷ்ய மொழியில் இருப்பது உறுத்தினால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றச் சொல்லமாட்டேன். இடத்தை வைத்து ஸ்விட்சை நினைவில் கொள்வதுதான் விமானியின் பழக்கம், எழுத்து தெரியாதது அந்தப் பழக்கத்தை விரைவாக்கும்.

நவீன ஜெட்களான எஃப்-16சி, எஃப்/ஏ-18சி போன்றவற்றில் கருவி என்றால் பெரும்பாலும் திரைதான். பக்கம் பக்கமாகப் பட்டியல்கள். இவற்றைக் கற்பது கணிப்பொறி மென்பொருளைக் கற்பதை ஒத்தது. சிலருக்கு அதுதான் இன்பம். ஆனால் முள்ளையும் இன்ஜின் ஓசையையும் நினைத்து வருபவர்கள் இங்கே ஏமாந்துபோகக்கூடும்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது, விமானம் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. நவீன ஜெட் 80 டாலர் வரை போகும், தள்ளுபடிக் காலத்தில் பாதி விலைக்கும் கிடைக்கும். வரைபடங்களுக்குத் தனிக்காசு. பல வரைபடங்கள் சேர்ந்தால் வட்டில் நூற்றுக்கணக்கான ஜிபி போய்விடும். 32 ஜிபி நினைவகம் இல்லாமல் நிம்மதி இல்லை. நல்ல செய்தி ஒன்று உண்டு. ஈகிள் டைனமிக்ஸின் சொந்தப் பதிப்பில் பெரும்பாலான விமானங்களை இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையின் பதிப்பில் அந்த வசதி இல்லை. ஸ்டீமில் வாங்கியதைச் சொந்தப் பதிப்புக்குக் கொண்டுபோக முடியும், சொந்தப் பதிப்பில் வாங்கியதை ஸ்டீமுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே எங்கே வாங்குவது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

டிசிஎஸ் பொருந்துவது: ஒரே ஒரு விமானத்தை ஆண்டுக்கணக்கில் ஆழமாக அறிய விரும்புகிறவருக்கு. நான்கு விமானங்களை வாங்கி நான்கையும் மேலோட்டமாக அறிந்தவருக்கு அந்தப் பணமும் பயன்படாது, அந்த ஆழமும் பயன்படாது.

## ஃபால்கன் பிஎம்எஸ்

1998-இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0-வை, ஆர்வலர்கள் பல்லாண்டு உழைப்பில் திருத்தி வளர்த்து உருவாக்கியது இது. பிஎம்எஸ் இலவசம். பழைய ஃபால்கன் 4.0-வின் உரிமம் மட்டும் கணினியில் இருக்க வேண்டும், அது சில டாலர்களுக்கு இணையக் கடைகளில் கிடைக்கிறது. காசுக்கணக்குப் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்கு நிகர் இல்லை.

பிஎம்எஸ் என்றால் எஃப்-16. வேறு விமானங்களையும் ஓட்டலாம், ஆனால் பெரும்பாலானவற்றின் உள்ளே எஃப்-16-இன் மூளைதான் வேலை செய்யும். அந்த எஃப்-16 மட்டும் எவ்வளவு ஆழம்! குளிர்ந்து கிடக்கும் விமானத்தைக் கிளப்பும்போது, சுழற்சி 20 சதவீதத்தை எட்டியபின் த்ராட்டிலை முன்னே கொண்டுவந்து, டர்பைன் வெப்பமானியின் முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். திசையறி அமைப்பு தன்னை நிலைப்படுத்திக்கொள்ள 8 நிமிடம் எடுக்கும். அவசரம் என்றால் ஒன்றரை நிமிடத்தில் முடிக்கும் மாற்றுவழியும் உண்டு. அடிபட்டால் ஒரு சிறு திரையில் பழுதுகளின் சுருக்கப் பெயர்கள் வரிசையாக வரும். அவற்றைப் படித்து, இன்னும் எது வேலை செய்கிறது, வீடு திரும்ப முடியுமா என்று முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவுக்கு இங்கே எடை கூடுதல். காரணம், கொரியப் போர்க்களத்தில் நீங்கள் இல்லாதபோதும் தானாக நடந்துகொண்டிருக்கும் போர். இழந்த விமானம் நாளை உங்கள் படைப்பிரிவில் இருக்காது. எரிபொருள் எண் குறைவதைப் பார்த்து இலக்கை விட்டுவிட்டுத் திரும்புவது பிஎம்எஸ்-இல் ஒரு கனமான முடிவு. தனித்தனி மிஷன்களாக ஓட்டுகிற சிமுலேட்டரில் அந்தக் கனம் வருவதில்லை.

வீட்டில் மரத்தாலோ அலுமினியத்தாலோ காக்பிட் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு தனிச்சொல். பிஎம்எஸ் தன் மானிகள், விளக்குகள், திரைகள் எல்லாவற்றின் நிலையையும் மற்ற நிரல்கள் படிக்கும்படி வெளியே தருகிறது. திரைகளை இரண்டாவது மானிட்டரில் பிரித்துக் காட்டலாம், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வைத்து விளக்கை எரியவிடலாம். டிசிஎஸ்-இலும் இவை முடியும். ஆனால் அங்கே கூடுதல் திரைக்கு வரைகலை அட்டை கொடுக்கும் விலை சற்று அதிகமாகவே உறைக்கும்.

மறைமுகச் செலவு முழுக்கக் காலம்தான். நூற்றுக்கணக்கான பக்கங்களில் நேர்த்தியாக எழுதிய கையேடுகள் கூடவே வருகின்றன, அவற்றைப் படிக்காமல் தரையைவிட்டு நகர முடியாது. பழைய சிமுலேட்டரின் முகப்பும் பட்டியல்களும் புதியவரை விரட்டும். நிலப்பரப்பின் அழகில் டிசிஎஸ் முந்தும். அதை ஒரு குறையாக நான் பெரிதுபடுத்தமாட்டேன், பேச்சு காக்பிட்டைப் பற்றி.

பிஎம்எஸ் பொருந்துவது: எஃப்-16 ஒன்றே போதும் என்பவருக்கு, கையில் காசு குறைவாகவும் பொறுமை நிறைவாகவும் இருப்பவருக்கு, காக்பிட்டைக் கையால் கட்ட ஆசைப்படுபவருக்கு.

## ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ்

2014-இல் ஸ்டாலின்கிராடில் தொடங்கி மாஸ்கோ, குபான், போடன்பிளாட்டே, நார்மண்டி என்று விரிந்த தொடர். இதில் எதையும் கிளிக் செய்ய முடியாது. ஒரே விசையில் இன்ஜின் கிளம்பிவிடும், விமானியின் கை தானாக நகர்ந்து எல்லாவற்றையும் செய்யும். இதைக் கேட்டதும் "அப்படியானால் வேண்டாம்" என்று போகிறவர்களைக் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லவே இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன்.

இங்கே சோவியத் போர்விமானமான யாக்-1-இல் உட்கார்ந்து பாருங்கள். செயற்கைத் தொடுவானக் கருவியைத் தேடுவீர்கள். அது இருக்காது, ஏனென்றால் அந்தப் போர்விமானத்தில் அது இல்லவே இல்லை. திரும்பலையும் சறுக்கலையும் காட்டும் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டுதான் மேகத்தைக் கடக்க வேண்டும். எரிபொருள் மானி எங்கே? இறக்கையின் மேல், காக்பிட்டுக்கு வெளியே. தலையைத் திருப்பி இறக்கையைப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் ரேடியேட்டர், எண்ணெய் ரேடியேட்டர், எரிபொருளும் காற்றும் சேரும் கலவை, புரொப்பெல்லர் சுழற்சி எல்லாம் உங்கள் கையில். ரேடியேட்டரைத் திறந்தால் வேகம் குறையும், மூடினால் இன்ஜின் வேகும். துரத்தும்போது மூடலாமா, எவ்வளவு நேரம் மூடலாம் என்பதை வெப்பமானியின் முள்தான் சொல்லும்.

இப்போது எதிரியான ஜெர்மனியின் பிஎஃப் 109-க்குள் போய் உட்காருங்கள். ரேடியேட்டர், கலவை, புரொப்பெல்லர் மூன்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. விமானியின் கண் வெளியே இருக்கலாம். 1942-இல் கிழக்குப் போர்முனையில் இரண்டு தரப்புக்கும் இடையே இருந்த ஒரு பெரிய வேறுபாடு இதுதான், இதை நாற்பது பக்கக் கட்டுரை படித்தும் உணர முடியாது. இரண்டு காக்பிட்டிலும் தலா ஒரு மணி நேரம் இருந்தால் உணரலாம். யூ 87 குண்டுவீச்சு விமானத்தில் பக்கக் கண்ணாடியில் வரைந்த சாய்கோடுகளைத் தொடுவானத்தோடு பொருத்திப் பாய்ச்சல் கோணத்தை அளப்பது இன்னோர் அனுபவம். கண்ணாடியில் வரைந்த கோடும் ஒரு கருவிதான்.

குறையையும் சொல்ல வேண்டும். இன்ஜினின் உச்ச சக்திக்குக் கையேட்டில் குறித்த நேரத்தைத் தாண்டினால் இன்ஜின் பழுதாகும்படி வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அந்த நேர வரம்புகள் பெரும்பாலும் இன்ஜினின் ஆயுளைக் காக்க எழுதியவை. வெப்பமும் அழுத்தமும் எல்லைக்குள் இருக்கும்போது நிமிடக்கணக்கு முடிந்ததும் இன்ஜின் இறப்பது நிஜமில்லை. முள்ளைப் பார்த்துப் பறக்க வேண்டிய இடத்தில் மனத்துக்குள் விநாடியை எண்ணிப் பறக்க வைக்கிறது. இந்த சிமுலேட்டரில் என்னை உறுத்தும் ஒரே பெரிய விஷயம் இது. மின்சுற்று, மேக்னட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனை போன்ற நுட்பங்களும் இங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

செலவு குறைவு. ஒரு தொகுப்பிலேயே பல விமானங்கள் வருகின்றன, தள்ளுபடி அடிக்கடி உண்டு. சுமாரான கணினியிலும் ஓடும். மறைமுகச் செலவு, த்ராட்டிலில் நிறைய அச்சுகளும் பொத்தான்களும் தேவைப்படுவது. கிளிக் இல்லாததால் எல்லாம் விரல் நுனிக்கு வந்தாக வேண்டும்.

ஐஎல்-2 பொருந்துவது: ஒரு மாலைக்கு ஒரு மணி நேரமே கிடைப்பவருக்கு, பல விமானங்களின் குணத்தை ஒப்பிட்டு அறிய விரும்புபவருக்கு, சண்டையின் நடுவே கருவி எப்படிப் பயன்பட்டது என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு.

## கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் பிளிட்ஸ்

1940-இன் பிரிட்டன் வான்போர் மட்டும் போதும் என்றால் மேலே சொன்ன மூன்றையும் தாண்டி நேராக இங்கே வரலாம். 2011-இல் அரைகுறையாக வெளிவந்து, டீம் ஃப்யூஷன் என்ற ஆர்வலர் குழுவின் கையில் சீராகி, 2017-இல் பிளிட்ஸ் பதிப்பாக வந்தது. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் கிளிக் செய்யும் காக்பிட்டை டிசிஎஸ் விலைக்கு அருகில்கூடப் போகாமல் தருவது இதுதான்.

ஸ்பிட்ஃபயரின் திசைகாட்டி விமானியின் கால்களுக்கு நடுவே தாழ்வாக இருக்கும். அதன் வளையத்தைத் திருகி வேண்டிய திசையை வைத்து, முள் கோடுகளுக்கு இணையாக வரும்வரை விமானத்தைத் திருப்ப வேண்டும். அதன்பின் கைரோ திசைமானியை அதற்கேற்பத் திருத்திக்கொண்டு அதைப் பார்த்துப் பறக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயின் மேல் இந்த வேலையைச் செய்யும்போது கிடைக்கும் நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. தரையில் அதிக நேரம் இன்ஜினை ஓடவிட்டால் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே கூலண்ட் கொதித்துவிடும், அன்றைய விமானிகளின் அன்றாடக் கவலை அது. எதிர்த்தரப்பில் பிஎஃப் 109 இ-யின் புரொப்பெல்லர் கோணத்தைக் காட்டும் கருவி கடிகார முகத்தோடு இருக்கும். மணியைப் படிப்பதுபோல் கோணத்தைப் படித்து, கையால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குறைகள்: முகப்புப் பட்டியல்கள் பழையவை, ஒற்றையாளர் மிஷன்கள் மெலிந்தவை, ஆன்லைனில் கூட்டம் குறைவு. காக்பிட்டுக்காகவே வருபவருக்கு இவை பொருட்டில்லை.

## மற்ற இரண்டு

வார் தண்டரில் சிமுலேட்டர் முறை இருக்கிறது. இலவசம், காக்பிட்டுக்குள்ளிருந்துதான் பறக்க வேண்டும். ஆனால் ரேடார் போன்ற முக்கியத் தகவல்கள் காக்பிட்டுக்கு வெளியே திரையின் மேலேயே மிதக்கின்றன. கருவியைப் பார்க்க வேண்டிய கட்டாயமே எழவில்லை என்றால் அதன் நிஜத்தைப் பேசிப் பயனில்லை.

விடிஓஎல் விஆர் வேறு வகை. விமானங்கள் கற்பனையானவை, விஆர் (மெய்நிகர்) கண்ணாடி இல்லாமல் ஓடவே ஓடாது. ஆனால் கையை நீட்டி ஸ்விட்சைத் தூக்குவதும் ஸ்டிக்கைப் பிடிப்பதும் எல்லாமே விஆர் கட்டுப்படுத்தியால் நடக்கும். ஜாய்ஸ்டிக் வாங்கவே வேண்டாம். எந்த விமானத்துக்கும் உண்மையாக இல்லாமல், காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் உடலுக்கு உண்மையாக இருக்கிறது. விஆர் கண்ணாடி ஏற்கெனவே கையில் இருந்தால் முதலில் இதைத்தான் முயன்று பார்க்கச் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| | டிசிஎஸ் | பிஎம்எஸ் | ஐஎல்-2 | கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் |
|---|---|---|---|---|
| மவுஸ் கிளிக் | உண்டு, எளிய விமானங்களில் இல்லை | உண்டு | இல்லை | உண்டு |
| கருவிக்குப் பின்னுள்ள அமைப்பு | மிக ஆழம் | மிக ஆழம், எஃப்-16-க்கு | நடுத்தரம் | ஆழம் |
| சண்டையில் முள்ளின் எடை | விமானத்தைப் பொறுத்தது | அதிகம் | மிக அதிகம், சோவியத் விமானங்களில் | மிக அதிகம் |
| தேர்ச்சிக்கான காலம் | வாரங்கள், ஜெட் என்றால் மாதங்கள் | மாதங்கள் | சில மாலைகள் | சில வாரங்கள் |
| பணம் | அதிகம் | மிகக் குறைவு | குறைவு | குறைவு |
| கணினிச் சுமை | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | நடுத்தரம் |

## எல்லாவற்றுக்கும் பொதுவான செலவு

தலையசைவைப் பின்தொடரும் கருவி இல்லாமல் எந்தக் காக்பிட்டும் பாதிதான். குனிந்து மானியைப் பார்ப்பதும் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதும் கழுத்தால் நடக்க வேண்டும். அத்தகைய கருவியான ட்ராக்ஐஆர் விலை அதிகம். ஓப்பன்ட்ராக் என்ற இலவச நிரலும் ஒரு சாதாரண வெப்கேமும் போதும், தொடக்கத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். விஆர் கண்ணாடி ஆழத்தைத் தரும், ஆனால் பழைய அல்லது மலிவான கண்ணாடியில் சிறு எழுத்துகள் மங்கும். முள் உள்ள காக்பிட்டுக்கு அது பெரிய தடையில்லை, முள்ளின் கோணமே போதும். திரை நிறைய எண்கள் உள்ள நவீன ஜெட்டுக்கு அது தினசரித் தொல்லை. ஜாய்ஸ்டிக்கை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் சுங்கவரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

புதிதாக வருகிறவர், கையில் சுமாரான கணினி, எந்தக் காலம் பிடிக்கும் என்றே இன்னும் தெரியாதவர் என்றால் ஐஎல்-2-வை எடுத்து யாக்-1-இல் தொடங்குங்கள். அதோடு டிசிஎஸ்-ஐ இறக்கி, இலவச டிஎஃப்-51டி-யையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்களைத் தொட்டுக் கிளப்பும் இன்பம் அங்கே கிடைத்துவிடும், சண்டையில் முள்ளைப் படிக்கும் பழக்கம் இங்கே வளரும்.

ஏற்கெனவே ஐஎல்-2-வில் ஓர் ஆண்டு பறந்து, "இன்னும் ஆழம் வேண்டும்" என்று தவிப்பவர் ஜெட்டுக்குத் தாவ வேண்டாம். பிஸ்டன் (புரொப்பெல்லர்) விமானத்திலேயே ஆழம் போகலாம். காசு இருந்தால் டிசிஎஸ் பி-51டி, இல்லாவிட்டால் கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்.

எஃப்-16 ஆசை என்றால் முதலில் பிஎம்எஸ். டிசிஎஸ்-இன் எஃப்-16 காட்சியில் அழகு, ஆனால் அந்த 80 டாலரைச் செலவழிக்கும் முன் சில டாலரில் அந்த விமானம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது அதைத் தவறவிடாதீர்கள்.

மிக்-21 நேசர்களுக்கு இந்த ஆழத்தில் டிசிஎஸ் தவிர வேறு வழியில்லை, அந்த விலைக்கு அது தகும்.

## நிறுவிய அன்றே மாற்ற வேண்டியவை

ஐஎல்-2-வில், கலவை எத்தனை சதவீதம், ரேடியேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று திரையின் ஓரத்தில் எழுதிக் காட்டும் செய்திகளையும், வேகத்தையும் உயரத்தையும் காட்டும் மிதக்கும் பலகையையும் அணைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை உங்கள் கண் மானிக்குப் போகாது.

டிசிஎஸ்-இல் பிஸ்டன் விமானம் ஒவ்வொன்றின் சிறப்பு அமைப்புப் பக்கத்திலும் டேக்-ஆஃப் உதவி, தானியங்கி ரடர் (வால் சுக்கான்) இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சண்டையில் தேவைப்படும் ஐந்தாறு கட்டுப்பாடுகளுக்கு மட்டும் பொத்தான் ஒதுக்குங்கள், மற்றதை மவுஸுக்கு விட்டுவிடலாம். பார்வையைப் பெரிதாக்கும் வேலைக்கு ஓர் அச்சை ஒதுக்கினால் மானிகளைப் படிப்பது பாதிச் சுலபமாகும்.

பிஎம்எஸ்-இல் குளிர்ந்த விமானத்தைக் கிளப்புவதில் தொடங்காதீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் டாக்ஸி நிலையை (ஓடுபாதைக்கு உருளத் தயாரான நிலை) தேர்ந்தெடுத்து, புறப்பட்டு, ஒரு சுற்று வந்து இறங்குங்கள். எந்த மானி எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் போகத் தொடங்கியபின் முழுக் கிளப்பல் வரிசைக்கு வாருங்கள். அப்போது பட்டியலின் ஒவ்வொரு வரியும் எதற்காக என்பது தெரிந்திருக்கும்.